தலையுள்ள இறால் எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டில் பலாபோக் சமைக்க ஆசைப்படும் பிலிப்பைன்ஸ்காரருக்கு முதல் தலைவலி இறால்தான். லண்டனிலும் டொரண்டோவிலும் சூப்பர் மார்க்கெட் உறைபெட்டிகளில் இறாலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை உருவி, இனி வாயில் போடுவதுதான் பாக்கி என்கிற அளவுக்குச் சுத்தம் செய்து வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது வசதி. பலாபோக் செய்பவருக்கோ நஷ்டம். கடைக்காரர் தூக்கிப் போட்ட அந்தத் தலைதான் அவருக்கு வேண்டும். சதை இருந்தால் மேலே நாலு வைக்கலாம். தலை இல்லையென்றால் குழம்பே இல்லை.

பிலிப்பைன்ஸில் நூடுல்ஸ் பண்டங்கள் அத்தனைக்கும் பன்சித் என்பது பொதுப்பெயர். ஊருக்கு ஊர் ஒரு வகை உண்டு. அவற்றில் பார்த்ததுமே அடையாளம் தெரிவது பலாபோக். அடியில் வெந்த அரிசி நூடுல்ஸ். நம்மூர்ச் சேவையைப் போல வெள்ளையாக, தனக்கென்று பெரிய ருசி இல்லாமல் கிடக்கும். அதன்மேல் செம்மஞ்சள் நிறத்தில் கெட்டியான இறால் குழம்பு. குழம்பின்மேல் பொன்னிறமாக வறுத்த பூண்டு, நறுக்கிய வெங்காயத்தாள், உதிர்த்த புகைமீன், நொறுக்கிய பன்றித்தோல் வறுவல், வட்ட வட்டமாக அரிந்த அவித்த முட்டை, வெந்த இறால். தட்டோரத்தில் கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சை. அதைப் பிழிந்து, எல்லாவற்றையும் அடியோடு கிளறிவிட்டுத்தான் முதல் வாய். கிளறாமல் மேலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிடுபவரைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கை பரபரக்கும்.

மணிலாவில் இதை வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. மாலைச் சிற்றுண்டி நேரத்தில் தெருமுனைக் கடையில் கிடைக்கும். பிறந்தநாள், ஞானஸ்நானம், ஊர்த்திருவிழா என்றால் வட்டமான மூங்கில் தட்டில் வாழையிலை விரித்து, மொத்தமாக அடுக்கி, வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். நெல் புடைக்கும் சுளகுபோல இருக்கும் அந்தத் தட்டுக்கு பிலாவ் என்று பெயர். பன்சித் வாங்குபவர்கள் கிலோக் கணக்குக் கேட்பதைவிட எத்தனை பிலாவ் என்று கேட்பதே வழக்கம். ஜாலிபீ துரித உணவுக் கடைகளிலும் இது உண்டு. அந்த நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைகளிலும் விற்கிறார்கள். பிறந்தநாளன்று நீளமான நூடுல்ஸ் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்பது சீனர்களிடமிருந்து வந்த நம்பிக்கை. அதனால் வெட்டாமல் பரிமாறுவார்கள். இந்த நம்பிக்கையில் உறுதி இல்லாதவர்கூட பிறந்தநாள் மேசையில் பன்சித் இல்லையென்றால் ஏதோ குறைகிறது என்பார்.

கடையில் வாங்கித் தின்றே வளர்ந்த இந்தப் பண்டத்தை, அந்தக் கடை இல்லாத ஊரில், முதன்முறையாகத் தானே சமைக்கிற நிலைமை ஏராளமானவர்களுக்கு வாய்த்திருக்கிறது. 1974இல் அன்றைய அதிபர் பெர்டினாண்ட் மார்க்கோஸ் பிறப்பித்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது பொருளாதாரத்தின் தூணாகிவிட்டது. அந்நாட்டுப் புள்ளியியல் துறை கணக்குப்படி 2023இல் வெளிநாட்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்கள் சுமார் 21.6 லட்சம் பேர். பாதிக்கு மேல் பெண்கள். ஐந்தில் ஒருவர் சவூதி அரேபியாவில். குடியேறி நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களையும் சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். அந்த ஆண்டு வங்கிகள் வழியாக அவர்கள் ஊருக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 3,350 கோடி அமெரிக்க டாலர். அதில் ஒரு சிறு பங்கு, மகளின் பிறந்தநாளுக்கு ஊரில் ஒரு பிலாவ் பன்சித் வாங்கவும் போகிறது. பணம் அனுப்பிய தாய் அதே நாளில் தன் அறையில் கொஞ்சம் செய்து, வீடியோவில் இரண்டு தட்டுகளையும் காட்டிச் சாப்பிடுவதெல்லாம் அந்தக் குடும்பங்களில் சாதாரணம். துபாய்க்கு மணிலா 4 மணி நேரம் முந்தி. லண்டனுக்குக் குளிர்காலத்தில் 8 மணி நேரம். ஊரில் இரவுச் சாப்பாடு என்றால் லண்டனில் மதியம்.

எல்லோருக்கும் அடுப்பு வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் ஏறத்தாழ 2 லட்சம் பிலிப்பைன்ஸ் பெண்கள் வீட்டு வேலை செய்கிறார்கள். முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற விதி 2003 முதல் நடப்பில் இருக்கிறது. இன்னொருவர் சமையலறையில் புகைமீனைப் பொரிக்க எத்தனை முதலாளிகள் சம்மதிப்பார்கள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் சென்ட்ரல் பகுதிக்கு வந்து, நடைபாலங்களிலும் போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலைகளிலும் அட்டை விரித்து உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் வரும் பன்சித்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பக்கத்திலேயே வேர்ல்ட் வைட் ஹவுஸ் கட்டடத்தில் பணம் அனுப்பும் கவுண்டர்களோடு பிலிப்பைன்ஸ் மளிகைக் கடைகளும் நெருக்கியடித்து இருக்கின்றன. வளைகுடாவில் கதை வேறு. பெட் ஸ்பேஸ் என்றால் என்னவென்று அங்கே இருந்துவந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே ஃபிளாட்டில் பத்துப் பேர், ஒரே அடுப்புக்கு முறைபோட்டுக் காத்திருப்பு. பலாபோக்குக்கு நாலு பாத்திரம் வேண்டும், இரண்டு மணி நேரமும் வேண்டும். அதனால் அது வெள்ளிக்கிழமைப் பலகாரமாக, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டு செய்வதாக ஆகிவிடுகிறது.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

இறால் தலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று இருப்பதுதான் ருசியின் இருப்பிடம். ஊரில் தலையையும் ஓட்டையும் கல்லுரலில் போட்டு இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடிகட்டி எடுப்பார்கள். வெளிநாட்டில் உரலுக்குப் பதில் மிக்ஸி. தலையோடு கிடைக்கும் இறாலுக்குச் சீனர், வியட்நாமியர் கடைகளைத் தேடிப் போக வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே பிலிப்பைன்ஸ்காரர்களுக்கென்றே சீஃபுட் சிட்டி போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. எதுவுமே கிடைக்காத ஊரில் உரித்த இறாலை வாங்கி, இறால் வாசனைக் கட்டியைக் கரைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. சாப்பிடலாம். ஆனால் குழம்பு நாக்கில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நிறத்துக்கு அச்சுவேத்தே விதை. இந்தச் செடி பிலிப்பைன்ஸைச் சேர்ந்ததே அல்ல. வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பசிபிக்கைக் கடந்து வந்த செடிகளில் இதுவும் ஒன்று. இன்று லாஸ் ஏஞ்சலீஸில் அச்சுவேத்தே தீர்ந்துபோனால் பிலிப்பைன்ஸ்காரர் பக்கத்து மெக்சிகோக்காரர் கடைக்குப் போய் அச்சியோத்தே என்று கேட்டு அதே விதையை வாங்கி வருகிறார். இங்கிலாந்தில் ரெட் லெஸ்டர் பாலாடைக்கட்டிக்கு அந்தச் செம்மஞ்சள் நிறம் வருவதும் இதனால்தான். சாப்பிடும் ஆங்கிலேயரில் பலருக்கு அது தெரியாது. விதையின் மேல்தோலில் இருக்கும் பிக்சின் என்ற நிறமி எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். இளந்தீயில் எண்ணெயில் இரண்டு நிமிடம் விதையைப் புரட்டினால் எண்ணெய் சிவந்துவிடும், உடனே விதையை அரித்து எடுத்துவிட வேண்டும். தீ கூடினால் கசக்கும். விதை கிடைக்காதவர்கள் மிளகாய் வற்றல் இனத்து இனிப்புப் பாப்ரிகாத் தூளைப் போடுகிறார்கள். நிறம் ஏமாற்றும், வாசனை ஏமாற்றாது.

புகைமீனுக்கு தினபா என்று பெயர். மத்தி போன்ற சிறு மீன்களை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, பிறகு புகையூட்டுவது. மணிலாவுக்குத் தெற்கே கவித்தே மாகாணத்திலுள்ள ரொசாரியோ ஊர் இதற்குப் பேர்போனது. வெளிநாட்டில் இதற்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் ஆச்சரியமாகச் சுலபம். பிரிட்டனில் காலை உணவுக்கு விற்கும் புகையூட்டிய ஹெரிங் மீன் முள்ளெடுத்து உதிர்த்தால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். எண்ணெய் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மீன் பிரச்சினை இல்லை, அதைப் பொரிக்கும்போது கிளம்பும் வாசனைதான் பிரச்சினை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கருவாடு பொரித்துப் பக்கத்து வீட்டுக்காரர் முறைத்த அனுபவம் தமிழருக்கும் புதிதல்ல.

பன்றித்தோல் வறுவலான சிச்சரோனுக்குச் சுங்கச் சோதனையே எதிரி. 2019இல் பிலிப்பைன்ஸில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானதிலிருந்து, அங்கிருந்து பன்றி இறைச்சிப் பொருள் எதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர விடாத நாடுகள் பல. தைவானில் முதல்முறை பிடிபட்டாலே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம் என்று விமான நிலையத்திலேயே எச்சரிக்கிறார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒருவரின் பல மாதச் சம்பளம் அது. சவூதியில் பன்றி என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே கோழித்தோலைச் சேர்த்துவைத்து, உப்பிட்டு, மொறுமொறுவென்று வறுத்துத் தூவுகிறார்கள். கோழித்தோல் வறுவல் பிலிப்பைன்ஸிலேயே விற்பனையாகும் தின்பண்டம் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

கலமான்சி மட்டும் பலருக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். எலுமிச்சையைவிடச் சிறியது, பச்சைத் தோலுக்குள் ஆரஞ்சுச் சதை, புளிப்போடு மாண்டரின் பழ வாசனை. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறார்கள். குளிர்நாட்டில் தொட்டியில் வைத்து, பனிக்காலம் வந்தால் வீட்டுக்குள் தூக்கி வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் எலுமிச்சைச் சாற்றோடு கொஞ்சம் கமலா ஆரஞ்சுச் சாறு கலந்துகொள்கிறார்கள்.

இத்தனை மாற்றுகளைப் போட்ட பிறகு அது பலாபோக்தானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பன்சித்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும். நூடுல்ஸை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தவர்களே பிழைக்க வந்தவர்கள்தான். தென்சீனத்து ஃபூஜியன் கரையிலிருந்து வந்த வணிகர்களும் கூலிகளும். 1594இல் ஸ்பானியர்கள் மணிலாவில் அவர்களுக்கென்று ஒதுக்கிய பினோண்டோ, உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் கடைகள் பன்சித்தேரியா ஆயின. ஸ்பானிய விகுதி, சீனப் பண்டம். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1891இல் வெளியிட்ட எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ நாவலில் மாணவர்கள் கூடி அரசையும் துறவிகளையும் கிண்டலடித்து விருந்துண்பது இப்படியொரு பன்சித்தேரியாவில்தான்.

பிறகு ஒவ்வொரு ஊரும் கையில் இருந்ததைப் போட்டது. மணிலாவுக்கு வடக்கே மீன்பிடி ஊரான மலபோனில் தடித்த நூடுல்ஸோடு சிப்பியும் கணவாயும் சேர்ந்தன. கவித்தேயில் கணவாய் மையைப் போட்டுக் கறுப்பு பன்சித் செய்தார்கள். லுக்பானில் வாழையிலையில் வைத்துக் காடி ஊற்றி, கரண்டி இல்லாமல் இலையிலிருந்தே வாயால் அள்ளிச் சாப்பிடுவது வழக்கம். துகெகராவோவில் எருமைக்கறி. இலோயிலோவின் மோலோ ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நூடுல்ஸே இல்லாத கொழுக்கட்டை சூப்புக்கு பன்சித் மோலோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே லண்டன்காரர் ஹெரிங் மீனைப் போடுவது பெரிய பாவம் ஒன்றும் அல்ல. உணவைப் பற்றி எழுதுவதை பிலிப்பைன்ஸில் ஒரு துறையாகவே வளர்த்த டோரீன் ஃபெர்னாண்டஸ் இன்னொன்றையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்: அங்கே மேசையில் வைக்கும் புளிப்பும் உப்பும் தொட்டுக்கொள்வதற்கு மட்டுமல்ல, சாப்பிடுபவர் சமையலைத் தன் நாக்குக்கு ஏற்ப முடித்துக்கொள்வதற்கும்தான். சமைத்தவர் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனாலும் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது கலமான்சி. இன்னொருவருக்குத் தலையுள்ள இறால். பொட்டலத் தூளைத் தொடவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. அந்தத் தூளை அவ்வளவு இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. 1936இல் தொடங்கிய மணிலாவின் அரிஸ்டோக்ராட் உணவகத்தை நிறுவிய எங்கராசியா ரெயெஸின் மூத்த மகள் தெரெசிதா ரெயெஸ். அவர் பெயரில் வரும் மாமா சிதாஸ் பொட்டலங்கள் உலகெங்கும் ஆசியக் கடைகளில் தொங்குகின்றன. பலாபோக் பொட்டலத்தில் இறால் வாசம், நிறம், கெட்டியாக்கும் மாவு மூன்றும் ஒரே தூளில் அடக்கம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வரும் செவிலியர் உரலைத் தேட மாட்டார். தூளைக் கரைத்து, அதோடு நாலு இறால் தலையை மட்டும் வேகவைத்துச் சேர்த்தாலே குழம்புக்கு உயிர் வந்துவிடும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் குறுக்குவழி.

செய்முறையில் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, நூடுல்ஸ். பிலிப்பைன்ஸ் பொட்டலங்கள் பலவற்றில் அரிசியோடு சோளமாவும் சேர்ந்திருக்கும். வியட்நாமிய நூடுல்ஸில் அரிசிதான். ஒன்றுக்குச் சொன்ன நேரத்தை மற்றதற்குப் போட்டால் கஞ்சியாகும் அல்லது நடுவில் விறைப்பாக நிற்கும். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கொதிநீரில் போட்டு, ஒரு இழையைக் கடித்துப் பார்த்து எடுப்பதே நம்பகமான வழி. இரண்டாவது, குழம்பு. சிவந்த எண்ணெயில் பூண்டு, வெங்காயம், கொத்திய பன்றிக்கறி வதங்கியதும் இறால் சாற்றை ஊற்றி, பதீஸ் என்ற மீன் சாஸால் உப்பைச் சரிசெய்து, கடைசியில் தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளாரைச் சிறு தாரையாக விட்டுக் கிளற வேண்டும். சோள மாவுத் துகள்கள் சுமார் 65, 70 டிகிரியில் உப்பத் தொடங்கும். கொதி வந்து இரண்டு நிமிடத்தில் குழம்பு பளபளவென்று கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். புளிப்பை இந்தப் பாத்திரத்தில் பிழியக் கூடாது. அமிலமும் சூடும் சேர்ந்தால் மாவின் பிடிப்பு விட்டு, குழம்பு நீர்த்துவிடும். கலமான்சி தட்டுக்கு மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகாகோவின் கசாமா உணவகம் 2022இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்று, பிலிப்பைன்ஸ் சமையலுக்கு அந்தப் பெருமையை முதன்முதலில் வாங்கித் தந்தது. நல்ல விஷயம். ஆனால் வெளிநாட்டில் பலாபோக் அதிகம் நடமாடுவது மருத்துவமனை வார்டுகளின் ஓய்வறையிலும், தேவாலயத்துக் கூடத்திலும், சரக்குக் கப்பலின் சாப்பாட்டறையிலும்தான். கப்பலில் பிலிப்பைன்ஸ் சமையல்காரர் இருந்தால் மாலுமி ஒருவரின் பிறந்தநாளுக்கு ஏதோ ஒரு பன்சித் நிச்சயம். அதில் பங்கு கேட்டு வரிசையில் நிற்பவர்களில் தூத்துக்குடிக்காரரும் இருப்பார்.

இந்தப் பண்டத்துக்கு ஒரே ஒரு கெட்ட குணம், அடுத்த வேளைக்குத் தாங்காது. நூடுல்ஸ் குழம்பை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் ஒரே கட்டியாக நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் அதனால் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் எடுத்து வைப்பார்கள்: நூடுல்ஸில் சொட்டு எண்ணெய் பிசிறி, குழம்பைச் சூடாக்கும்போது ஊற்றுவதற்குக் கொஞ்சம் இறால் சாறும் மிச்சம் வைத்து. சிச்சரோனுக்குத் தனிப் பொட்டலம். வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே அது பாதி காலியாகிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக்கொள்வார்கள்.